பொதுச்சுவர் வீடுகளில் சுண்டெலித் தொல்லை: இரு வீட்டாரும் சேர்ந்தால் தீரும்

அறுவடை முடிந்து, நெல் களத்திலிருந்து வீடு வந்து சேர்ந்துவிட்டால் அந்த ஆண்டின் பாடு முடிந்தது என்று விவசாயப் பெருமக்கள் எண்ணுவது வழக்கம். ஆனால் வயலில் பூச்சிக்கும் நோய்க்கும் தப்பி வந்த தானியத்திற்கு வீட்டிற்குள் இன்னொரு எதிரி காத்திருக்கிறது. அதுதான் சுண்டெலி. தனி வீட்டில் இருப்பவர்கள் இதனைக் கட்டுப்படுத்துவது அவ்வளவு கடினம் அன்று. ஒரே சுவரை இரண்டு வீடுகள் பங்கிட்டுக் கொள்ளும் இடங்களில்தான் எவ்வளவு முயன்றாலும் தொல்லை தீருவதில்லை.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் இத்தகைய வீடுகள் மிகுதி. காவிரிப் பாசனப் பகுதியில் ஒரு தெருவின் வீடுகள் எல்லாம் தோளோடு தோள் ஒட்டி வரிசையாக நிற்கும். அரசு கட்டித் தந்த தொகுப்பு வீடுகளிலும் இரண்டிரண்டு வீடுகள் ஒட்டியிருப்பது உண்டு. இவை தவிர, அப்பா காலத்தில் ஒன்றாக இருந்த பெரிய ஓட்டு வீட்டை அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்துக்கொண்டு, நடுவே ஒரு சுவர் எழுப்பி, ஆளுக்கு ஒரு பாதியில் குடியிருப்பதும் உண்டு. இந்த மூன்றாவது வகை வீட்டில்தான் சுண்டெலித் தொல்லை மிக அதிகம். காரணம் எளிது. சுவர் எழுப்பியவர்கள் ஆள் உயரத்திற்குச் சற்று மேல் வரை எழுப்பியிருப்பார்கள். அதற்கு மேலே கூரை ஒன்று, உத்தரம் ஒன்று, பரண் ஒன்று. மனிதர்களுக்குத்தான் வீடு இரண்டு. எலிக்கு அது ஒரே வீடு.

இந்த உண்மையை உணராததால் வீண் மனக்கசப்பும் வருகிறது. "உங்க வீட்டு எலிதான் எங்க விதை மூட்டையக் கடிக்குது" என்று அண்ணன் வீட்டிலும், "நாங்க சுத்தமாத்தான் வச்சிருக்கோம், உங்க பரணைப் பாருங்க" என்று தம்பி வீட்டிலும் பேச்சு வளருகிறது. ஒருவர் பொறி வைக்கும்போது மற்றவர் வைப்பதில்லை. ஒருவர் ஓட்டையை அடைத்தால், எலி மற்றவர் வீட்டுப் பக்கம் போய்ப் பெருகி, சில வாரங்களில் வேறு வழியாகத் திரும்பி வருகிறது. எனவே பொதுச்சுவர் வீடுகளில் எலிக் கட்டுப்பாடு இரு வீட்டாரும் ஒரே நாளில், ஒரே முறையில் செய்ய வேண்டிய வேலை ஆகும்.

எந்த எலி என்று முதலில் அறியவும்

வீட்டில் நடமாடுபவை எல்லாம் ஒரே எலி அல்ல. சுண்டெலி மிகச் சிறியது. வளர்ந்த சுண்டெலியின் எடை 12 முதல் 30 கிராம் வரையே இருக்கும். அதன் புழுக்கை அரிசி மணியை விடச் சிறியதாக, 3 முதல் 6 மில்லிமீட்டர் நீளத்தில், முனை கூராக இருக்கும். வீட்டெலி இதைவிடப் பல மடங்கு பெரியது. அதன் புழுக்கை ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். சாக்கடையிலும் கொல்லையிலும் மண்ணைத் தோண்டிக் குவிப்பது பெருச்சாளி. நீண்ட மூக்கும் கடும் நாற்றமும் கொண்ட மூஞ்சூறு எலி இனமே அன்று. அது பூச்சிகளைத் தின்று வாழ்வது. மூஞ்சூறைக் கண்டு எலித் தொல்லை என்று கலங்க வேண்டியதில்லை.

இந்த வேறுபாட்டை அறிவதால் பயன் உண்டு. வீட்டெலி புதிய பொருளைக் கண்டால் சில நாள் அஞ்சி ஒதுங்கும். சுண்டெலி அப்படி அன்று. புதிதாக எது வைத்தாலும் உடனே போய் முகர்ந்து பார்க்கும். ஆகவே சுண்டெலிக்குப் பொறி வைத்த முதல் இரவே பலன் கிடைக்கும். ஆனால் சுண்டெலி ஓர் இடத்தில் வயிறு நிறையத் தின்னாது. இங்கே சிறிது, அங்கே சிறிது என்று பல இடங்களில் கொறிக்கும். தன் கூட்டிலிருந்து பெரும்பாலும் 3 முதல் 10 மீட்டர் தூரத்திற்குள்ளேயே சுற்றும். அதனால் பொறிகளை நெருக்கமாக, பல இடங்களில் வைக்க வேண்டும்.

இழப்பு எவ்வளவு?

ஒரு சுண்டெலி நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 கிராம் தானியம் தின்னும். இது அற்பமாகத் தோன்றலாம். கணக்கிட்டுப் பார்த்தால் ஆண்டுக்கு ஓர் எலிக்கு 1 கிலோவுக்கு மேல் ஆகிறது. ஒட்டிய இரண்டு வீடுகளில் சேர்ந்து 20 எலிகள் இருந்தால் ஆண்டுக்கு 22 கிலோ தானியம் போகும். குறுகிய கால நெல் ரகம் நடவு செய்ய ஏக்கருக்கு 24 கிலோ விதை தேவை. ஆக, ஏறத்தாழ ஓர் ஏக்கருக்கான விதை நெல் எலி வயிற்றில் போய்விடுகிறது.

தின்பதை விடக் கெடுப்பது அதிகம். ஓர் எலி நாளொன்றுக்கு 50 முதல் 80 புழுக்கைகள் வரை இடும். சிறுநீரையும் தானியத்தின் மேலேயே விட்டுச் செல்லும். மூட்டையைக் கடித்தால் தானியம் சிந்தி மண்ணோடு சேரும். விதையின் முளைக்கருவைக் கொறித்துவிட்டால், மீதி மணி முழுதாகத் தெரிந்தாலும் அது முளைக்காது. நாற்றங்காலில் விதைத்த பிறகுதான் இந்த இழப்பு தெரிய வரும். அப்போது பருவம் கடந்திருக்கும்.

இதன் பெருக்கமும் வேகமானது. சுண்டெலியின் சினைக்காலம் சுமார் 3 வாரம். ஓர் ஈற்றில் பொதுவாக 5 அல்லது 6 குட்டிகள் பிறக்கும். அந்தக் குட்டிகள் 6 முதல் 8 வாரங்களில் தாமே குட்டி போடும் பருவத்தை அடைந்துவிடும். தீனியும் மறைவிடமும் கிடைக்கும் வீட்டிற்குள் ஆண்டு முழுவதும் இனப்பெருக்கம் நடக்கும். ஆகவே இரண்டு வீடுகளில் ஒன்றில் மட்டும் எலியைப் பிடித்து, மற்றொன்றில் ஒரு சோடியை விட்டுவைத்தால், சில மாதங்களில் பழைய நிலையே திரும்பும்.

எலி வரும் வழிகள்

சுண்டெலி நுழைய 6 மில்லிமீட்டர் இடைவெளி போதும். பள்ளிப் பிள்ளைகள் எழுதும் பென்சில் நுழையும் அளவு ஓட்டையில் அது நுழைந்துவிடும் என்று நினைவில் கொள்க. தலை நுழைந்தால் உடல் நுழைந்துவிடும். சொரசொரப்பான சுவரில் நேராக ஏறும். கயிறு, மின்கம்பி, கொடி ஆகியவற்றின் மேல் நடக்கும். நின்ற இடத்திலிருந்து 30 செ.மீ. உயரம் வரை தாவும். பொதுச்சுவர் வீடுகளில் கீழ்க்கண்ட இடங்களைத் தவறாமல் பார்க்க வேண்டும்.

1. சுவரின் உச்சிக்கும் ஓட்டிற்கும் இடையே உள்ள சந்து. பாகம் பிரித்த வீடுகளில் முதன்மையான வழி இதுவே.

2. உத்தரமும் கைமரமும் சுவரில் பதியும் இடம். மரம் காய்ந்து சுருங்கியதும் அதைச் சுற்றி விரல் அகலச் சந்து ஏற்படுகிறது. ஒரே உத்தரம் இரு வீட்டிற்கும் ஓடினால் அது எலிக்குப் பாலம்.

3. அடைத்த பழைய வாசல். முன்பு ஓர் அறையிலிருந்து மறு அறைக்குப் போக இருந்த நிலைவாசலைச் செங்கல் வைத்து அடைத்திருப்பார்கள். பழைய சுவரும் புதிய அடைப்பும் சேரும் ஓரத்தில் காரை உதிர்ந்து மேலிருந்து கீழ் வரை பிளவு விட்டிருக்கும்.

4. இரு பக்கமும் முதுகு சேர்ந்த மாடக்குழிகள். விளக்கு மாடத்தின் பின்புறம் சுவர் மிக மெல்லியதாக இருப்பதால் எளிதில் துளை விழுகிறது.

5. மின்கம்பிக் குழாய், தண்ணீர்க் குழாய் ஆகியவற்றைச் சுற்றியுள்ள துளை. குழாய் பதித்தவர்கள் பெரும்பாலும் துளையைப் பெரிதாக இட்டு அப்படியே விட்டுவிடுவார்கள். தொகுப்பு வீடுகளில் இதுவே முதன்மையான வழி.

6. அடுப்படி, குளியல் இடம் ஆகியவற்றின் தண்ணீர் போகும் துளை.

7. சுவரின் அடிப்பாகம். மண் சுவரில் தரைமட்டத்தில் ஈரம் ஏறி மண் உதிரும். அங்கே பெருச்சாளியோ வீட்டெலியோ தோண்டிய வளையைச் சுண்டெலி தன் வழியாக வைத்துக்கொள்ளும்.

வழியைக் கண்டுபிடிக்கும் முறை

இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. இரவில் இரு வீட்டிலும் விளக்கை அணைத்துவிட வேண்டும். ஒருவர் ஒரு பக்கம் கைவிளக்கைச் சுவரை ஒட்டிப் பிடித்து மேலிருந்து கீழாக மெல்ல நகர்த்த வேண்டும். மறு பக்கம் இருப்பவர் வெளிச்சம் தெரியும் இடத்தில் எல்லாம் கரிக்கட்டியால் குறி இட வேண்டும். பிறகு பக்கத்தை மாற்றிச் செய்ய வேண்டும். அரை மணி நேரத்தில் சுவரின் பெரும்பாலான ஓட்டைகள் தெரிந்துவிடும். வளைந்து செல்லும் ஓட்டையில் வெளிச்சம் வராது. அத்தகைய இடங்களில் கறுத்த எண்ணெய்ப் பிசுக்கு, புழுக்கை, கடித்த உமி ஆகியவை அடையாளம்.

எந்த வழி நடமாட்டத்தில் உள்ளது என்று அறிய, சலித்த அடுப்புச் சாம்பலைச் சுவர் ஓரம் மெல்லியதாகத் தூவி வைக்கலாம். காலையில் அடித்தடம் தெரியும். ஓட்டையில் காகிதத்தைச் சுருட்டி மெல்லச் செருகி வைப்பது மற்றொரு முறை. மறுநாள் காகிதம் வெளியே தள்ளப்பட்டிருந்தால் அந்த வழியில் எலி போய் வருகிறது என்று பொருள்.

எதை முதலில் செய்வது?

பலர் செய்யும் தவறு, கண்ணில் பட்ட ஓட்டையை அன்றே அடைப்பதுதான். பொதுச்சுவரை ஒரு பக்கம் மட்டும் அடைத்தால், எலி சுவருக்குள் தங்கிக்கொண்டு மறுபக்கம் போய் வரும். அல்லது அருகிலேயே புதிய ஓட்டை போடும். கீழ்க்கண்ட வரிசையைப் பின்பற்றினால் பலன் நிச்சயம்.

முதல் நாள்: இரு வீட்டாரும் வெளிச்சுவர்களைப் பார்த்து, வெளியிலிருந்து உள்ளே வரும் வழிகளை அடைக்க வேண்டும். இதனால் புதிய எலி வருவது நிற்கும். அன்றே பரணிலும் அறை மூலையிலும் உள்ள கந்தல், பழைய சாக்கு, காகிதக் குவியல் ஆகியவற்றை இறக்கி உதறி, கூடுகளை அழிக்க வேண்டும். சிந்திய தானியத்தைப் பெருக்கி எடுத்து, மீதித் தீனியை மூடி போட்ட பாத்திரங்களில் வைக்க வேண்டும். வேறு தீனி கிடைக்காதபோதுதான் எலி பொறிக்கு வரும்.

இரண்டாம் நாள் இரவு முதல்: இரு வீட்டிலும் ஒரே சமயத்தில் பொறி வைக்க வேண்டும். பொதுச்சுவரின் ஓட்டைகளை இப்போது அடைக்கக் கூடாது. எலிக்குப் பழகிய வழி அது. அந்த வழியின் இரு வாயிலும் பொறி இருந்தால் எந்தப் பக்கம் ஓடினாலும் அகப்படும். தொடர்ந்து மூன்று இரவுகள் இரு வீட்டிலும் எலி எதுவும் விழாத வரை பொறி வைக்க வேண்டும். பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு வாரம் ஆகலாம்.

அதன் பிறகு: ஒரே நாளில், இரு பக்கமும், பொதுச்சுவரை அடைக்க வேண்டும்.

பொறி வைக்கும் முறை

சுண்டெலிக்குச் சிறிய அடிப்பொறியே சிறந்தது. கூண்டுப் பொறியும் வைக்கலாம். ஆனால் கம்பி இடைவெளி 6 மில்லிமீட்டருக்குக் குறைவாக இல்லாவிட்டால் சுண்டெலி நழுவிவிடும். ஒரு வீட்டிற்கு ஒரு பொறி என்பது போதாது. சுவர் ஓரமாக 2 அல்லது 3 மீட்டருக்கு ஒன்று வீதம் வைக்க வேண்டும். ஒரு வாரத்திற்கு அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கியும் வைக்கலாம். அடிப்பொறியின் இரை வைக்கும் முனை சுவரைத் தொடுமாறு, பொறி குறுக்காக இருக்க வேண்டும். எலி சுவரை உரசியே ஓடும் பழக்கம் உடையது. நடு அறையில் வைத்த பொறியில் விழுவது அரிது. பரணிலும் உத்தரத்தின் மேலும் வைக்கும் பொறியைக் கம்பியால் கட்டிவிட வேண்டும்.

இரையாக வறுத்த நிலக்கடலை, தீயில் வாட்டிய தேங்காய்ச் சில்லு, மசால் வடைத் துண்டு, கருவாடு ஆகியவை ஏற்றவை. சிறு துண்டு போதும். பெரிய துண்டு வைத்தால் எலி பொறியைத் தொடாமல் ஓரத்தைக் கொறித்துச் சென்றுவிடும். இரையை நூலால் கட்டி வைப்பது நலம். குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்து, விடிந்ததும் எடுத்துவிட வேண்டும்.

செத்த எலியை வெறுங்கையால் தொடக் கூடாது. பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டி எடுத்து, கிணற்றுக்கும் மாட்டுத் தொழுவத்திற்கும் விலகி, ஒன்றரை அடி ஆழத்தில் புதைக்க வேண்டும். உயிரோடு அகப்பட்ட எலியைத் தெருவிலோ அடுத்த கொல்லையிலோ விடுவதால் பயன் இல்லை. புழுக்கைகளை உலர்ந்த நிலையில் பெருக்கினால் தூசி மூச்சில் போகும். பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரைத் தெளித்து, சற்று ஊறிய பின் துடைத்து எடுக்க வேண்டும். எலிகளின் சிறுநீர் கலந்த நீர், கால் வெடிப்பு, காயம் ஆகியவற்றின் வழியே உடலில் சென்று எலிக்காய்ச்சலை உண்டாக்கும் என்பதால் இந்த வேலைகளைச் செருப்பு அணிந்து செய்வதும், முடிந்ததும் சோப்பிட்டுக் கை கால் கழுவுவதும் அவசியம்.

ஓட்டையை அடைக்கும் முறை

துணி, காகிதம், மரச்சக்கை, தெர்மாகோல், ரப்பர், நுரைப் பசை ஆகியவற்றால் அடைத்தால் எலி ஓரிரு இரவுகளில் கடித்து வழி செய்துவிடும். வெறும் மண் பூச்சும் நிற்காது.

சிறு துளைகளுக்குப் பாத்திரம் துலக்கும் கம்பி நாரை இறுகத் திணித்து, அதன் மேல் ஒரு பங்கு சிமெண்டும் மூன்று பங்கு மணலும் கலந்த கலவையைப் பூச வேண்டும். எலி கம்பி நாரைக் கடிக்க முடியாது. தரை ஓரத்தில் உள்ள பெரிய வளைகளுக்கு உடைத்த கண்ணாடித் துண்டு, கருங்கல் ஜல்லி ஆகியவற்றைத் திணித்து, மேலே சிமெண்டுக் கலவை இட வேண்டும். கண்ணாடி வெளியே தெரியாதபடி கனமாகப் பூசுவது முக்கியம்.

மண் சுவரில் சிமெண்டுப் பூச்சு நன்றாக ஒட்டாது; காய்ந்ததும் பெயர்ந்து விழும். அங்கே ஓட்டையைச் சற்று அகலமாகச் சுரண்டி, ஈரப்படுத்தி, கால் அங்குலத்திற்கும் குறைவான கண்ணுள்ள கம்பி வலைத் துண்டை உள்ளே மடித்துச் செருகி, நீண்ட ஆணிகளால் பிடிக்கச் செய்ய வேண்டும். அதன் மேல் சுண்ணாம்புக் காரை பூசினால் வலையும் காரையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

சுவர் உச்சிக்கும் ஓட்டிற்கும் இடையே உள்ள சந்தைச் செங்கல் துண்டும் காரையும் வைத்து ஓடு வரை எழுப்புவதே நிலையான தீர்வு. ஓட்டைக் கழற்றி வேலை செய்ய வேண்டியிருக்குமாகையால், ஓடு மாற்றும் காலத்தில் செய்தால் செலவு குறையும். அதுவரை அந்தச் சந்து முழுவதும் கம்பி வலையைச் சுருட்டி இறுக்கி வைக்கலாம். உத்தரம் சுவரில் பதியும் இடத்தில் தகரத் துண்டை மரத்தின் வடிவத்திற்கு வெட்டிப் பட்டையாக அடித்து, ஓரத்தைக் காரையால் மூட வேண்டும். தண்ணீர் போகும் துளைக்குக் கம்பி வலை பொருத்த வேண்டும். சாப்பாட்டுத் துணுக்கு அடைக்காமல் நாள்தோறும் வலையைக் கழுவ வேண்டும்.

கதவின் அடியில் பென்சில் நுழையும் இடைவெளி இருந்தால், கதவின் அடிப்புறம் 30 செ.மீ. உயரத்திற்குத் தகரம் அடித்து, இடைவெளியைக் குறைக்க வேண்டும். வாசற்படியின் தேய்ந்த நடுப்பகுதியைக் கலவையால் நிரவினாலும் போதும்.

பொதுச்சுவரில் கொத்தனாரைக் கொண்டு வேலை செய்யுமுன் இரு வீட்டாரும் பேசி, செலவைப் பாதிப் பாதியாக ஏற்பது முறை. ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் சுவரை இடித்தால், எலியை விடப் பெரிய வழக்கு வந்து சேரும்.

விஷ மருந்து வேண்டாம்

பொதுச்சுவர் வீடுகளில் விஷ மருந்து வைப்பது பெரும் அபாயம். ஒரு வீட்டில் வைத்த விஷத்தைத் தின்ற எலி மறு வீட்டு அடுப்படியில் போய்ச் சாகும். எலி விஷத் தீனியைக் கவ்விச் சென்று பக்கத்து வீட்டுப் பரணில் போடலாம். அங்கிருந்து அது குழந்தையின் கைக்கும் கோழியின் வாய்க்கும் போகலாம். சுவருக்குள் செத்த எலியை எடுக்க வழி இல்லாமல் நாற்றம் பல நாள் நிற்கும். மேலும், பல இடங்களில் சிறிது சிறிதாகக் கொறிக்கும் சுண்டெலி சாகும் அளவு விஷத்தைப் பல சமயம் தின்பதில்லை.

மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசை மிகக் கொடியது. தமிழ்நாடு அரசு இதைத் தடை செய்துள்ளது. பழைய குப்பி வீட்டில் இருந்தால் பயன்படுத்த வேண்டாம். இதைத் தின்றவர் முதல் ஓரிரு நாள் நலமாக இருப்பது போலவே தோன்றும். அதற்குள் கல்லீரல் கெட்டுவிடும். ஆகவே எந்த எலி மருந்தாயினும், குழந்தை வாயில் வைத்தது என்று சந்தேகம் வந்த உடனே, மருந்தின் உறையையும் எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்கு விரைய வேண்டும். 108 ஆம்புலன்சை அழைக்கலாம். வாந்தி வரட்டும், பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது.

தானியத்திற்கு நச்சுப்புகை இடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைகளை எலி வளையில் போடுவது சிலரின் பழக்கம். இதிலிருந்து வரும் பாஸ்பின் வாயு சுவரின் சிறு பிளவு வழியாகவும் அடுத்த வீட்டிற்குள் புகுந்து, உறங்குபவர்களின் உயிரைப் பறிக்கும். இம்மாத்திரைகளை அரசு நிறுவனங்களும், வல்லுநர் மேற்பார்வையில் இயங்கும் பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனங்களும் மட்டுமே கையாள விதி உண்டு. குடியிருக்கும் வீட்டில் இதற்கு இடமே இல்லை. 2024-ஆம் ஆண்டு நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூர்ப் பகுதியில், அடுக்குமாடிக் குடியிருப்பின் ஒரு வீட்டில் எலிக்காக வைக்கப்பட்ட மருந்தின் நெடியால் இரண்டு குழந்தைகள் இறந்தனர். எலிக்கு வைத்தது எலியோடு நிற்பதில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

மின்சாரத்தில் ஒலி எழுப்பி எலியை விரட்டும் என்று விற்கப்படும் கருவிகளாலும் நிலையான பலன் இல்லை. அந்த ஒலி சுவரையும் மூட்டையையும் தாண்டாது. எலிகளும் விரைவில் பழகிவிடும். பூனை வளர்ப்பது நல்லதே. ஆனால் சுவருக்குள்ளும் ஓட்டின் கீழும் இருக்கும் எலியைப் பூனையால் பிடிக்க முடியாது. அடைப்பும் பொறியும் செய்த பின்னர், தப்பி வரும் ஒன்றிரண்டைப் பிடிக்கப் பூனை உதவும்.

தானியத்தை வைக்கும் முறை

நெல் மூட்டைகளைப் பொதுச்சுவரின் மேல் சாய்த்து அடுக்குவது பரவலான பழக்கம். எலிக்கு இதைவிட வசதி வேறில்லை. சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, மரச்சட்டங்களின் மேல் மூட்டைகளை அடுக்க வேண்டும். இடையில் ஆள் கை நீட்டிப் பெருக்க வழி இருந்தால் எலி கூடு கட்டாது. ஓட்டை விழுந்தாலும் உடனே தெரியும்.

விதை நெல், நிலக்கடலை விதை, பயறு வகை விதை ஆகியவற்றைச் சாக்கில் வைக்கவே கூடாது. இறுக்கமான மூடி கொண்ட தகரக் குதிர், தகர டின், பழைய எண்ணெய் டிரம் ஆகியவற்றை நன்றாகக் கழுவிக் காய வைத்துப் பயன்படுத்தலாம். நன்கு காய்ந்த விதையை மட்டுமே மூடிய கலத்தில் இட வேண்டும். ஈரம் இருந்தால் பூசணம் பிடிக்கும். நிலக்கடலையை உடைக்காமல் காயாகவே வைத்து, விதைக்குமுன் உடைப்பது முளைப்புத் திறனுக்கும் நல்லது.

வீட்டில் மண் குதிர் உள்ளவர்கள் அதன் அடிப்பாகத்தைச் சுட்ட செங்கல்லால் 45 செ.மீ. உயரத்திற்குக் கட்டிக்கொள்ளலாம். புது டெல்லி இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கிய பூசா குதிரிலும் இந்த முறையே கையாளப்படுகிறது. மேல் மூடியில் இடைவெளி இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கோழித்தீவனம், மாட்டுத் தவிடு, பிண்ணாக்கு ஆகியவையும் எலியை அழைப்பவையே. இவற்றையும் மூடிய டின்னில் வைக்க வேண்டும். வைக்கோல் போரும் விறகு அடுக்கும் வீட்டுச் சுவரை ஒட்டி இருக்கக் கூடாது. கூரை மேல் படரும் அவரை, பூசணிக் கொடிகளைச் சுவரிலிருந்து விலக்கிப் பந்தலில் ஏற்றிவிட வேண்டும்.

பக்கத்து வீட்டார் ஒத்து வராவிட்டால்

பேசியும் பலன் இல்லாத இடங்கள் உண்டு. பக்கத்துப் பாதி பூட்டிக் கிடக்கும் வீடுகளும் உண்டு. பிழைப்புக்காகத் திருப்பூரும் சென்னையும் போனவர்களின் வீடுகள் எலிகளுக்கு நல்ல புகலிடம். பூட்டிய வீட்டின் உரிமையாளர் பொங்கலுக்கோ கோவில் திருவிழாவுக்கோ ஊர் வரும்போது, அவருடன் சேர்ந்து ஒருமுறை பரணைப் பார்த்து, கிடக்கும் சாக்கையும் தானியத்தையும் அகற்றச் சொல்லலாம்.

இதுவும் இயலாவிட்டால் தன் பக்கத்து வேலையை இன்னும் உறுதியாகச் செய்ய வேண்டும். பொதுச்சுவரின் தன் பக்கத்தில் ஓர் ஓட்டையும் விடாமல் கம்பி வலை வைத்துப் பூச வேண்டும். அச்சுவர் ஓரம் எந்தப் பொருளும் வைக்காமல் வெறுமையாக விட்டு, இரண்டு மூன்று பொறிகளை ஆண்டு முழுவதும் நிரந்தரமாக வைக்க வேண்டும். வாரம் ஒருமுறை சாம்பல் தூவித் தடம் பார்க்க வேண்டும். விதையை மட்டும் எப்படியும் தகரக் கலத்தில் வைத்துவிட வேண்டும். எலியை முற்றிலும் ஒழிக்க இயலாவிட்டாலும், விதைக்குச் சேதம் வராமல் காக்க இயலும்.

ஏற்ற காலம்

ஐப்பசி, கார்த்திகை மழையில் வயலிலும் கொல்லையிலும் வளைகளில் நீர் புகும்போது எலிகள் மேடான இடத்தை நாடி வீடுகளுக்கு வருகின்றன. தை, மாசியில் சம்பா நெல் வீட்டிற்கு வருகிறது. இந்த இரண்டிற்கும் இடைப்பட்ட மார்கழியே எலிக் கட்டுப்பாட்டிற்கு ஏற்ற மாதம். போகிக்குப் பழையன கழித்து, பொங்கலுக்கு வெள்ளை அடிக்கும்போது எப்படியும் பரண் இறங்கும், மூட்டை நகரும், சுவர் முழுதும் கண்ணுக்குத் தெரியும். மார்கழி நடுவில் பொறி வைக்கத் தொடங்கினால், வெள்ளை அடிக்குமுன் பொதுச்சுவரை அடைத்து முடித்துவிடலாம். புதிய பூச்சின் மேல் புதிய வெள்ளை இருக்கும்போது, பின்னர் ஏதேனும் ஓர் ஓட்டை விழுந்தாலும் தொலைவிலிருந்தே தெரியும்.

அதன் பின்னர் மூன்று மாதத்திற்கு ஒருமுறை இரு வீட்டாரும் கைவிளக்கைக் கொண்டு சுவரைப் பார்த்தால் போதுமானது. மொத்தச் செலவு சிறிதளவு சிமெண்டு, கம்பி வலை, கொத்தனார் கூலி ஆகியவையே. இரு வீட்டாரும் பகிர்ந்துகொண்டால் ஒரு மூட்டை நெல்லின் விலையைக் கூட எட்டாது. மேலும் விவரம் தேவைப்படுவோர் தம் மாவட்டத்து வேளாண் அறிவியல் நிலையத்தையோ, வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தையோ அணுகலாம். வரும் மார்கழியில், பொதுச்சுவர் உள்ள விவசாயப் பெருமக்கள் அண்டை வீட்டாரைத் திண்ணைக்கு அழைத்து, பொறி வைக்கும் நாளையும் சுவர் பூசும் நாளையும் பேசி முடித்துக்கொள்வார்களாக.